விசில் வரவில்லையா? உதட்டை விடுங்கள், நாக்கைப் பாருங்கள்

எந்த விசிலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தியேட்டரில் ஹீரோ வரும்போது இரண்டு விரலை வாய்க்குள் விட்டு அடிக்கிறார்களே, அது இல்லை. உதட்டைக் குவித்து, கை படாமல், பாட்டு வாசிக்கிற விசில். சீட்டி, சீழ்க்கை, எப்படிச் சொன்னாலும் சரி. விரல் விசிலில் பாட்டு வாசித்தவர்களும் உண்டு. தெலுங்கு நாடக மேடையில் கிருஷ்ணன் வேஷத்துக்குப் பேர்போன ரகுராமையா, வாயில் விரல் வைத்து நாடகச் செய்யுள்களை விசிலிலேயே இழைப்பார். 'ஈலப்பாட்ட' என்பது அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டுவிட்டது; ஈல என்றால் தெலுங்கில் விசில். ஆனால் அந்த விசிலுக்கு வரும் கோளாறுகள் வேறு. இங்கே உதட்டு விசில் மட்டும்.

எந்தக் கோளாறு வந்தாலும் எல்லோரும் முதலில் உதட்டைத்தான் குறை சொல்வார்கள். "எனக்கு உதடு தடிமன்", "எனக்கு முன்பல் இடைவெளி". இவை அபூர்வமாகத்தான் காரணம். உதடு வெறும் வாசல். சுரத்தைத் தீர்மானிப்பவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

குழாயடியில் குடம் நிரம்புகிற சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். தண்ணீர் ஏற ஏற உள்ளே காற்றுக்கு இடம் குறைகிறது, சத்தம் மேலே மேலே போகிறது. பார்க்காமலேயே குடம் நிறையப்போகிறது என்று தெரிந்து குழாயை மூடுகிறோம். விசிலும் இதே கதைதான். மேலண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவே ஒரு இடுக்கு, உதட்டில் ஒரு துளை, இரண்டுக்கும் இடையில் ஒரு சின்னக் காற்றறை. இடுக்கு வழியாக வருகிற காற்று உதட்டுத் துளையில் நடுங்க, அந்த அறையில் உள்ள காற்றும் சேர்ந்து அதிர்கிறது. நாக்கு முன்னால் வந்தால் அறை சுருங்கி சுரம் ஏறும். பின்னால் போனால் இறங்கும். குடத்தில் தண்ணீர் செய்கிற வேலையை வாய்க்குள் நாக்கு செய்கிறது. கீழே வரும் முக்கால்வாசிக் கோளாறுகளுக்கு இந்த ஒரு விஷயம் போதும்.

காற்றுதான் வருகிறது, சத்தமே இல்லை

போன கோடை விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருந்தான். ஒன்பது வயது. "மாமா, வெறும் காத்துதான் வருது" என்று இரண்டு நாளாகப் புலம்பல். ஊதச் சொன்னேன். கன்னம் இரண்டும் பலூன் மாதிரி உப்பின, கண் பிதுங்கியது, எதிரே மேசையில் இருந்த காகிதம் பறந்தது. கோளாறு அங்கேயே தெரிந்துவிட்டது.

கன்னம் உப்பக் கூடாது. உப்பினால் காற்றறைக்கு உருவமே இருக்காது. கன்னத்தை இரண்டு விரலால் லேசாக உள்ளே அழுத்திக்கொண்டு ஊதச் சொன்னால் அந்தப் பழக்கம் போய்விடும். அடுத்தது காற்றின் அளவு. சூடான காப்பியை ஆற்றுகிற ஊதல்கூட இதற்கு அதிகம். கண்ணாடியில் ஆவி படியவைக்க மூச்சு விடுவோமே, அதைவிடக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். உதட்டுத் துளை பச்சைப்பயறு அளவு.

இவ்வளவும் சரியாகி, அப்போதும் சத்தம் வரவில்லை என்றால் நாக்குதான். நுனியைக் கீழ்ப் பல்வரிசையின் பின்புறத்தில் சும்மா சாய்த்து வையுங்கள். நாக்கின் ஓரங்கள் மேல் கடைவாய்ப் பற்களைத் தொட வேண்டும். நடுவில் மட்டும் காற்று போக ஒரு வாய்க்கால். இப்போது உதட்டை 'ஊ' சொல்கிற நிலையில் அசையாமல் நிறுத்திக்கொண்டு, உள்ளே நாக்கால் மட்டும் 'ஊ', 'ஈ', மறுபடி 'ஊ' என்று குரல் இல்லாமல் சொல்லிப் பாருங்கள். மெதுவாக. எங்கேயோ ஒரு புள்ளியில் 'ஃபீ' என்று ஒரு கணம் எட்டிப் பார்க்கும். அங்கேயே நில்லுங்கள். அந்தப் புள்ளியைத் தாண்டிப் போய்விட்டுத்தான் எல்லோரும் "வரலையே" என்கிறோம்.

அவனுக்கு மூன்றாம் நாள் வந்தது. ஊதும்போது இல்லை, மூச்சை உள்ளே இழுக்கும்போது. இது தப்பு இல்லை; அறை ஒன்றுதான், காற்று எந்தப் பக்கம் போனால் என்ன? சிலருக்கு உள்ளிழுப்பில்தான் முதலில் கிடைக்கும். கிடைத்த வாய் நிலையை அப்படியே வைத்துக்கொண்டு வெளியே ஊதிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பால்பல் விழுந்து முன்னால் ஓட்டையாக இருக்கிற பிள்ளைகளைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். நாக்கு சாய்ந்துகொள்ளச் சுவரே இல்லாதபோது அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

சத்தம் வருகிறது, கூடவே 'ஸ்ஸ்' என்று இரைச்சல்

பிரஷர் குக்கர் கசிகிற மாதிரி. பெரும்பாலும் காற்று அதிகம். பாதியாகக் குறைத்துப் பாருங்கள். சத்தம் பாதியாகக் குறையாது, இரைச்சல் மட்டும் போகும்.

போகவில்லை என்றால் உதடு காய்ந்திருக்கிறது. தண்ணீர் குடியுங்கள், நாக்கால் நனைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெய் மாதிரி உதட்டுக் களிம்பை அப்புவது உதவாது, துளையின் விளிம்பு மழுங்கிப்போகும். வெற்றிலை போட்ட வாயோடு வாசிக்காதீர்கள். சுண்ணாம்பு பட்ட உதட்டில் விசில் சொரசொரவென்றுதான் வரும்.

ஆண்களுக்கு ஒரு ரகசியம். மேலுதட்டுக்குக் கீழே இறங்கி வருகிற ஒரே ஒரு மீசை முடி போதும். நான் ஒரு வாரம் நாக்கு, பல், மூச்சு என்று எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, கடைசியில் கத்திரிக்கோலால் சரிசெய்தேன்.

இன்னொன்று மூக்கு. வாசித்துக்கொண்டே மூக்கைப் பிடித்துப் பாருங்கள். விசில் திடீரென்று திடமானால், இவ்வளவு நேரமும் பாதிக் காற்று மூக்கு வழியாகப் போயிருக்கிறது. மூக்கைப் பிடித்தபடி நாலைந்து தடவை வாசித்துவிட்டு, விரலை எடுத்த பிறகும் அதே உணர்வைத் தொடரப் பழகினால் சரியாகும்.

ஒரே சுரம்தான் வருகிறது

உதட்டைச் சுருக்கியும் விரித்தும் சுரத்தை மாற்றப் பார்க்கிறீர்கள். குடத்தின் வாயை மாற்றி மாற்றிப் பிடித்தால் என்ன பிரயோசனம்? தண்ணீரை ஏற்றுங்கள். கண்ணாடி முன் நின்று வாசியுங்கள், உதடு துளிகூட அசையக் கூடாது. மேலே சொன்ன 'ஊ–ஈ' பயிற்சியைச் சத்தத்தோடு செய்தால் சுரம் வழுக்கிக்கொண்டு மேலே போய்க் கீழே வரும். அந்த வழுக்கலை இரண்டு நாள் விளையாட்டாகச் செய்துவிட்டு, மூன்றாம் நாள் நடுவில் நடுவில் நின்று பாருங்கள். ஸ, ப, மேல் ஸ, இந்த மூன்று படி முதலில். மற்ற படிகள் தாமாக இடையில் வந்து உட்காரும்.

மேலே போனால் அறுகிறது, கீழே போனால் மறைகிறது

இதில் பாதி, வாயின் கோளாறே இல்லை. சுருதியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்த கோளாறு.

ஆண் குரலில் ஒரு கட்டைக்கு (ஆதார ஸ எந்த உயரத்தில் நிற்கிறது என்பதன் கணக்குதான் கட்டை) பாடுகிற ஒருவர், அதே பாட்டை விசிலில் வாசிக்கும்போது அதே ஸ்தாயியில் வாசிப்பதாகத்தான் நினைப்பார். உண்மையில் அவர் குரலின் ஷட்ஜம், அதாவது ஸ, 131 ஹெர்ட்ஸ், விசிலின் ஷட்ஜம் 1047 ஹெர்ட்ஸ். மூன்று ஸ்தாயி மேலே. உதட்டு விசில் சுமார் 500 ஹெர்ட்ஸுக்கும் 4000 ஹெர்ட்ஸுக்கும் இடையில் வாழ்கிறது. அதிலும் சுத்தமாக, நம்பிக்கையோடு வாசிக்கக்கூடிய இடம் பலருக்கு இரண்டு ஸ்தாயிதான்.

இப்போது கணக்குப் போடுங்கள். டியூனர் செயலியை வைத்துக்கொண்டு, உங்களால் திடமாக நிறுத்த முடிகிற மிகக் கீழான சுரத்தைக் கண்டுபிடியுங்கள். எனக்கு அது 587 ஹெர்ட்ஸ். ஒரு கிருதியை வாசிக்க மந்திர பஞ்சமத்திலிருந்து (கீழ் ஸ்தாயியின் ப) தார பஞ்சமம் (மேல் ஸ்தாயியின் ப) வரை இருந்தால் தாராளம். ஆகவே 587-ஐ மந்திர பஞ்சமமாக வைத்தேன். ஷட்ஜம் 784 ஹெர்ட்ஸில் வந்து விழுகிறது, அதாவது 5 கட்டை. தார பஞ்சமம் 2349. மொத்தமும் என் எல்லைக்குள். முன்பு ஒரு கட்டைக்குத் தம்புரா வைத்துக்கொண்டு, தார ஸ்தாயி காந்தாரத்துக்கு மேலே மூச்சு முட்டி, "என் வாய்க்கு அவ்வளவுதான்" என்று இருந்தவன் நான். வாய் மாறவில்லை, சுருதிதான் மாறியது. உங்கள் கீழ்ச்சுரம் வேறாக இருந்தால் கட்டையும் வேறாகும்.

அதற்குப் பிறகும் மேல் சுரம் அறுந்தால், மேலே போகும்போது ஊதலைக் கூட்டுகிறீர்களா என்று பாருங்கள். பாடுகிறவர்களிடமிருந்து ஒட்டிய பழக்கம் இது. மேலே போகப் போக நாக்கு நுனி முன்னால் நகர வேண்டும், துளை ஒரு மயிரிழை சுருங்க வேண்டும், காற்று கொஞ்சம் வேகமாக ஆனால் மெல்லிய இழையாக வர வேண்டும். முகம் சுளித்துப் புருவம் ஏறினால் தப்பான தசை வேலை செய்கிறது என்று அர்த்தம். கீழே போகும்போது நேர்மாறு: தாடையைத் தளர்த்தி, உதட்டை இன்னும் முன்னால் நீட்டி, நாக்கைப் பின்னால் தாழ்த்தி, காற்றைக் கிட்டத்தட்ட மறந்துவிட வேண்டும். கீழ்ச் சுரங்கள் சத்தம் குறைவாகத்தான் வரும். அதை ஏற்றுக்கொண்டு மைக் பக்கம் போவதே மேல்.

சுரம் வருகிறது, ஆனால் ஏதோ சேரவில்லை

விசிலின் பெரிய கஷ்டம் இதுதான். வயலின் சுரத்தில் அடிச்சுரத்தோடு மேற்சுரங்கள் ஒரு கூட்டமாக வருகின்றன. கொஞ்சம் விலகினாலும் கூட்டத்தில் மறையும். விசிலோ கிட்டத்தட்ட ஒற்றை அதிர்வு. வெள்ளை வேட்டி மாதிரி, ஒரு சொட்டு பட்டாலும் தெரியும்.

முதல் வேலை, தம்புரா இல்லாமல் வாசிக்கவே வாசிக்காதீர்கள். தனியாக வாசிக்கிற விசில் பத்து நிமிஷத்தில் எங்கேயோ நகர்ந்திருக்கும், வாசித்தவருக்குத் தெரியாது. தம்புரா இருந்தால் பிழை கண்டுபிடிக்க ஒரு அழகான வழி உண்டு. 5 கட்டைத் தம்புராவின் ஷட்ஜத் தந்தி 196 ஹெர்ட்ஸ் என்றால், அதன் நான்கு மடங்கான மேற்சுரம் 784. உங்கள் விசிலின் ஷட்ஜமும் அதேதான். நீங்கள் 787-இல் வாசித்தால் இரண்டும் உரசி, நொடிக்கு மூன்று முறை 'வாவ் வாவ் வாவ்' என்று துடிக்கும். நெருங்க நெருங்கத் துடிப்பு மெதுவாகி, சேரும் கணத்தில் நின்றுவிடும். அந்த அமைதியைத் தேடுவதுதான் பயிற்சி. காலையில் பத்து நிமிஷம் ஷட்ஜம் மட்டும், துடிப்பு நிற்கும்வரை. சலிப்பாக இருக்கும், இருக்கட்டும்.

அப்புறம் பதிவு செய்து கேளுங்கள். என் முதல் பதிவைக் கேட்டபோது வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு சொற்றொடரின் கடைசிச் சுரமும் தளர்ந்து, வாழையிலை வாடுகிற மாதிரி கீழே தொங்கியது. மூச்சு தீரும்போது காற்றின் வேகம் குறைகிறது, சுரமும் கூடவே இறங்குகிறது. இதற்கு மருந்து, மூச்சில் கால்வாசி மிச்சம் இருக்கும்போதே சொற்றொடரை முடிப்பது. சத்தமாக வாசிக்கும் இடங்களில் சுரம் கொஞ்சம் ஏறுவது இதன் மறுபக்கம். அங்கே நாக்கை ஒரு நூல் பின்னுக்கு இழுத்து ஈடுகட்ட வேண்டும்.

ஒவ்வொரு சுரத்தையும் கீழிருந்து வழுக்கி வந்து பிடிக்கிற பழக்கம் இன்னொன்று. கேட்க இனிமையாக இருப்பதாக வாசிப்பவருக்குத் தோன்றும். நாலு சொற்றொடர் கேட்டால் அடுத்தவருக்குப் பல் கூசும். முத்துசாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளில் செய்த நோட்டு ஸ்வரங்கள் இதற்குக் கைகண்ட மருந்து. சங்கராபரண ஸ்வரங்கள், கமகம் (சுரத்தை அசைப்பது) இல்லாமல் நேர்கோடாகப் போகும். வழுக்கினால் உடனே காட்டிக்கொடுக்கும்.

கமகம் கொழகொழவென்று போகிறது, சுரங்கள் ஒட்டிக்கொள்கின்றன

இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விசிலில் வீணை மாதிரி மெட்டு இல்லை, புல்லாங்குழல் மாதிரி துளை இல்லை. நாக்கு எங்கே வேண்டுமானாலும் வழுக்கலாம். ஜாரு, அதாவது சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போவது, இனாமாக வருகிறது. அந்த இனாம்தான் வினையும்.

முதலில் ஒட்டுகிற பிரச்சினை. ஜண்டை வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸஸ ரிரி கக என்று வாசித்தால், ஒவ்வொரு சுரமும் இரண்டாகக் கேட்காமல் நீளமாக ஒன்றாகக் கேட்கிறதா? சுரத்தை வெட்டுவதற்கு உங்களிடம் மூன்று கத்திகள் உண்டு. வயிற்றிலிருந்து மூச்சை 'ஹ' என்று தள்ளி நிறுத்துவது முதலாவது. மென்மையானது, மெதுவான காலத்துக்கு நல்லது. தொண்டையைச் சட்டென்று மூடித் திறப்பது இரண்டாவது. இருமுவதற்கு முன் தொண்டை ஒரு கணம் அடைக்குமே, அந்த இடம். பலருக்கு இதுதான் எளிது. மூன்றாவது, நாக்கின் பின்பகுதியால் 'க' சொல்லி அடைப்பது. வேகமான காலத்துக்கு இதுவே. நாக்கு நுனியால் 'த' சொல்லி வெட்டப் பார்க்காதீர்கள். நுனிதான் கீழ்ப்பல்லில் சாய்ந்து சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தூணை அசைத்தால் பந்தல் விழும். சரளி வரிசையை ஒரு நாள் முழுக்க 'ஹ'வில், மறுநாள் தொண்டையில், அதற்கு மறுநாள் 'க'வில் வாசித்துப் பாருங்கள். எந்தக் கத்தி எந்த இடத்துக்கு என்று வாய்க்கே தெரிந்துவிடும்.

இப்போது கமகம். தோடி ராகத்தின் காந்தாரத்தை விசிலில் அசைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அசைவு நினைத்ததைவிட அகலமாகப் போய், அழுகிற குழந்தை மாதிரி ஆகிவிடும். காரணம் இது: மேலே போகப் போகக் காற்றறை சின்னதாகிறது. சின்ன அறையில் நாக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் விகிதத்தில் அது பெரிய மாற்றம். வீணையில் மேல் ஸ்தாயிக்குப் போகப் போக மெட்டுகள் நெருங்கி வருவதைப் பார்த்திருப்பீர்களே, அதே நியாயம். மந்திர ஸ்தாயியில் கற்ற அசைவை அதே அளவில் தார ஸ்தாயிக்குக் கொண்டுபோனால் பக்கத்து வீட்டுச் சுரங்களையும் இடித்துக்கொண்டு போகும்.

நான் செய்தது: மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு அசைவு, ரி–க–ரி–க என்று இரண்டு எல்லைகளையும் தனித்தனிச் சுரங்களாக, வெட்டி வெட்டி. எல்லைகள் சுத்தமான பிறகு வெட்டை எடுத்துவிட்டு இழைத்தேன். பிறகு தட்டுக்கு இரண்டு, நான்கு. வேகம் கூடும்போது தாடை ஆட ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும். தாடையால் ஆட்டுகிற கமகம் கேட்கவும் பார்க்கவும் நன்றாக இருக்காது. நாக்கின் நடு முதுகு மட்டும் அசைய வேண்டும்.

இந்த வாத்தியத்தில் கச்சேரியே செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு, ஆந்திரத்து கொமரவோலு சிவப்பிரசாத் விசிலில் வாசித்த கீர்த்தனைகளைக் கேட்கச் சொல்வேன். பக்கவாத்தியம் சகிதம் முழுக் கச்சேரி. கமகம் எவ்வளவு சிறிதாக இருக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

மூச்சு போதவில்லை, தலை சுற்றுகிறது

தலை சுற்றினால் உடனே நிறுத்தி உட்காருங்கள். ஆழமாக மூச்சு இழுக்காதீர்கள். அங்கேதான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். கோளாறு காற்று பற்றாக்குறை அல்ல. தொடர்ந்து ஊதி ஊதி ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிட்டது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு இருந்தால் ஒன்றிரண்டு நிமிஷத்தில் போய்விடும். ஊதலைக் குறைத்துப் பழகினால் திரும்ப வராது.

சொற்றொடர் நீளமாக இருந்து மூச்சு போதவில்லை என்றால், அக்கா மகன் கண்டுபிடித்த வழி இருக்கிறது: வெளியே ஊதி, உள்ளே இழுத்து, சத்தம் அறாமல் வாசிப்பது. திசை மாறும்போது சுரம் சற்று நகரும். திருப்பத்தை நீளமான சுரத்தின் நடுவில் வைக்காமல், இரண்டு சுரங்களின் இடையில் வையுங்கள், யாருக்கும் தெரியாது.

வாசிக்கும்போது சிரிப்பு வருகிறது, எச்சில் ஊறுகிறது

சிரித்தால் உதடு இழுபடும், துளை போய்விடும். சிரித்துக்கொண்டே விசிலடிக்க முடியாது. மேடையில் யார் முகத்தையும் பார்க்காதீர்கள், பின்சுவரைப் பாருங்கள்.

எச்சிலுக்கு: நாயனக்காரர் எதிரே நின்று புளியங்காயைக் கடித்து அவர் சீவாளியை நனைத்த வால் பையன்களின் கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். விசில்காரருக்கும் அதே கதிதான். விழுங்குவதற்கு இடம் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மூச்சுக்கு இடம் குறிப்பது போல.

மைக்கில் 'புஸ் புஸ்', போனில் காணாமல் போகிறது

ஒரு கல்யாண வரவேற்பில் என்னை வாசிக்கச் சொன்னார்கள். மைக்கைப் பாடகர் மாதிரி வாய்க்கு நேரே பிடித்தேன். மண்டபம் முழுக்கப் புயல் எச்சரிக்கை. மைக் வாய்க்கு நேரே இருக்கவே கூடாது. காற்று நேராகத்தான் போகும், சத்தம் எல்லாப் பக்கமும் போகும். ஆகவே மைக்கை முகவாய்க்குக் கீழேயோ கன்னத்துக்குப் பக்கவாட்டிலோ ஒரு சாண் தள்ளி வைத்தால் காற்று தப்பிவிடும், விசில் மட்டும் விழும். ஒலி அமைப்பாளரிடம் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுவதையும் வெட்டச் சொல்லுங்கள். விசிலுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அங்கே இருப்பதெல்லாம் மூச்சும் மின்விசிறியும்தான். கொஞ்சம் எதிரொலி சேர்த்தால் ஒற்றை ஒலிக்கு உடம்பு வரும்.

போன் காலிலும் வீடியோ கூட்டத்திலும் வாசித்தால் விசில் விட்டுவிட்டுக் கேட்கிறதா? அது உங்கள் தப்பு இல்லை. மனிதக் குரலை மட்டும் கடத்துவதற்காக எழுதப்பட்ட இரைச்சல் நீக்கி, நெடுக நிற்கிற ஒற்றை ஒலியை மைக் கூவல் என்று நினைத்து அமுக்கிவிடுகிறது. செயலியில் இரைச்சல் நீக்கத்தை அணைக்க வழி இருந்தால் அணையுங்கள். இல்லாவிட்டால் பதிவு செய்து அனுப்புங்கள்.

குளியலறையில் வாசிக்கும்போது ஒரு சுரம் மட்டும் காதைக் கிழித்து, அடுத்தது அமுங்கிப்போனால் அதுவும் வாயின் குற்றம் அல்ல. 1000 ஹெர்ட்ஸ் விசிலின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். டைல்ஸ் சுவர்களில் பட்டுத் திரும்பும்போது சத்தம் கூடும் இடமும் மறையும் இடமும் ஒன்பது சென்டிமீட்டருக்குள் மாறி மாறி வரும். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பாருங்கள், தெரியும்.

நேற்று வந்தது, இன்று வரவில்லை

நேற்று இரண்டு மணி நேரம் வாசித்திருந்தால் உதட்டுத் தசை ஓய்ந்திருக்கிறது. ஒரு நாள் விடுங்கள். பிறகு காலையில் கால் மணி, மாலையில் கால் மணி. பல் மருத்துவரிடம் மரத்துப்போக ஊசி போட்டு வந்திருந்தால் அது தெளியும்வரை விசில் கிடையாது.

ஆனால் ஒரு காரணமும் இல்லாமல், வாயின் ஒரு பக்கம் மட்டும் குவியாமல் காற்று கசிகிறது என்றால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். முகத்தின் தசைகளை இயக்குகிற ஏழாவது கபால நரம்பு செயலிழந்தால் முதலில் தெரியும் இடங்களில் விசிலும் ஒன்று. கண்ணை இறுக மூட முடிகிறதா, வாய் கொப்பளித்தால் ஒரு ஓரம் ஒழுகுகிறதா என்று பாருங்கள். பெல்ஸ் பால்சி என்றால் மூன்று நாளுக்குள் மருந்து தொடங்குவது நல்ல பலன் தரும். கூடவே கை தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ காத்திருக்கவே கூடாது, 108.

வீட்டில் திட்டு விழுகிறது

நம் காதுக்கு மிகக் கூர்மையாகக் கேட்பது 2000-இலிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரையான ஒலிகள். உங்கள் தார ஸ்தாயி நேரே அங்கேதான் போய்க் குத்துகிறது. எனவே திட்டுபவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வீட்டுக்குள் மந்திர, மத்திய ஸ்தாயிகளோடு நிறுத்திக்கொண்டால் பாதித் திட்டு குறையும்.

"பொம்பளப் பிள்ளை விசிலடிக்கலாமா" என்ற திட்டுக்கு மட்டும் நியாயம் கிடையாது. லாஸ் ஏஞ்சல்ஸில் 1909-இலேயே ஆக்னஸ் உட்வர்ட் என்ற பெண்மணி விசிலுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கிப் பெண்களை வரிசையாக நிற்க வைத்துச் சேர்ந்திசை வாசிக்க வைத்தார்.

ராத்திரி விசிலடித்தால் பாம்பு வரும் என்பது எங்கள் பாட்டியின் சட்டம். பாம்புக்கு வெளிக்காது இல்லை, தாழ்ந்த அதிர்வுகள்தான் அதற்கு நன்றாகப் பிடிபடும், விசில் அதற்கு அவ்வளவாக எட்டாது என்று ஒருநாள் விளக்கினேன். "பாம்புக்குக் கேக்காட்டி என்ன, எனக்குக் கேக்குதே" என்றாள்.

அதனால் இப்போது மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், விடிந்த பிறகுதான் பயிற்சி. பக்கத்து வேப்பமரத்தில் ஒரு குயில் இருக்கிறது. ஒவ்வொரு கூவலுக்கும் சுருதியை ஏற்றிக்கொண்டே போகும். அதோடு போட்டிக்குப் போகாதீர்கள், மேல் சுரம் அறுகிற கோளாறு திரும்ப வந்துவிடும்.